காத்திருக்கும் நேரத்தை எந்த மீட்டர் எண்ணும்? ஸ்மார்ட் சிட்டி ஆய்வுக்கு உங்கள் அனுபவம் வேண்டும்

1. கடலோரக்காரி, டர்பன்

வணக்கம். இரண்டு வருடமாக இந்தக் குழுவில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள் நான். இன்றைக்கு ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

டர்பனில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. பிறந்து வளர்ந்தது இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில். வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவோம். கோவில் வகுப்பில் தொடங்கிய தமிழ், மதுரையில் ஒரு வருடம் தங்கியபோது கைக்கு வந்தது.

ஸ்மார்ட் சிட்டி தொழில்நுட்பத்தைப் பெண்ணியப் பார்வையில் ஆராய்கிறேன். இதைச் சொன்னவுடன் ‘ஓ, பெண்களுக்கு ஆப் பயன்படுத்தத் தெரியுமா என்று கணக்கெடுக்கிறாயா’ என்று கேட்கிறார்கள். என் கேள்வி வேறு. ப்ரீபெய்ட் மீட்டர், தெருக் கேமரா, போக்குவரத்து ஆப், புகார் எண் இவற்றையெல்லாம் உருவாக்கியவர்கள் மனதில் ஒரு ஆள் இருந்திருப்பார். காலையில் கிளம்பி வேலைக்குப் போய் மாலையில் நேராக வீடு திரும்புகிறவர். போனில் எப்போதும் சார்ஜும் டேட்டாவும் இருக்கும், கணக்கில் எப்போதும் கொஞ்சம் பணம் இருக்கும். அந்த ஆள் யார்? அவருடைய நாளுக்குள் அடங்காதவர்களுக்கு என்ன ஆகிறது?

2019 ஜூனில் ஜனாதிபதி ராமபோசா நாடாளுமன்றத்தில் பேசும்போது, ஜனநாயகம் வந்தபிறகு நாமே கட்டும் முதல் புதிய நகரம் என்ற தன் கனவைச் சொன்னார். வானளாவிய கட்டிடங்கள், புல்லட் ரயில் எல்லாம் அதில் இருந்தன. அன்றைக்கு நான் பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸிக்காக முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்துதான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். என் ஆய்வு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். நான் பேட்டி எடுக்கும் பெண்களிடம் மீட்டரைப் பற்றிக் கேட்டாலும் சரி, கேமராவைப் பற்றிக் கேட்டாலும் சரி, பேச்சு கடைசியில் காத்திருப்பதில் போய் நிற்கிறது. தண்ணீருக்கு, கரண்டுக்கு, டாக்ஸிக்கு, பதில் வராத புகாருக்கு. துறைக் கருத்தரங்கில் ஒரு அத்தியாயத்தை வாசித்தேன். ‘எல்லாம் சரி, இதில் டெக்னாலஜி எங்கே?’ என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சரியான பதில் வரவில்லை. இரவெல்லாம் தூக்கம் இல்லை.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எதிர்க்கருத்தும் வேண்டும். ஒரு உறுதி: இங்கே நீங்கள் எழுதும் எதையும் ஆய்வில் எடுத்துப் போட மாட்டேன். அதற்குத் தனியாக உங்கள் சம்மதமும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். நான் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

2. மீட்டர்காரன், டர்பன்

தங்கச்சி, வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கே வந்து 16 வருடம், பெரும்பாலும் மின்மீட்டர் வேலைதான். அதனால் எதிர்க்கருத்தை நானே தொடங்குகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீட்டருக்கு ஆண் பெண் தெரியாது. முன்கூட்டியே காசு கட்டி டோக்கன் வாங்கி, அதில் உள்ள 20 இலக்க எண்ணைத் தட்டுகிறீர்கள், யூனிட் ஏறுகிறது. யார் தட்டினாலும் அதே எண், அதே யூனிட். இந்த முறை தென்னாப்பிரிக்காவில் பிறந்து இன்று எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறது. பில் கட்டவில்லை என்று ஆள் வந்து லைனை வெட்டும் அவமானம் இதில் இல்லை. தெருவே பார்க்க ஏணி போட்டு வெட்டினால் யாருக்கு அவமானம்? வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத்தானே. அந்த விதத்தில் இது பெண்களுக்கு நல்லதையே செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

டேட்டாவில் ஆணா பெண்ணா என்று ஏன் இல்லை என்று உங்களைப் போன்ற ஆய்வாளர்கள் கேட்பார்கள். அது தனிப்பட்ட விவரம். கேட்டால் ஏன் கேட்டாய் என்பார்கள், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். பொறியாளர் என்னதான் செய்வது?

3. கடலோரக்காரி, டர்பன்

அண்ணா, தப்பாக எடுக்கவே இல்லை, இந்த மாதிரி ஒருவர் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். லைன் வெட்டும் அவமானத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. குறித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யூனிட் தீர்ந்துபோகும் நேரம் பெரும்பாலும் எப்போது? இரவுச் சமையல் நேரம். அப்போது கடைக்கு ஓடுவது யார், அல்லது ‘அதற்குள் எப்படித் தீர்ந்தது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது யார்? முன்பு லைனை வெட்ட ஒரு ஆள் வந்தார். இப்போது அந்த ஆள் வருவதில்லை, வீட்டுக்குள் யாரோ ஒருவர் யூனிட்டை எண்ணி எண்ணி அடுப்பை அணைக்கிறார். அந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

4. தமிழ் டீச்சர், டோங்காட்

நான் டோங்காட்டில் முப்பது வருடம் வாரக் கடைசித் தமிழ் வகுப்பு எடுத்தவள். வயது 71. விரல் வலிக்கும், ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது.

2022 ஏப்ரல் 11, 12 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் க்வாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஊருக்குத் தண்ணீர் கொடுத்த சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் அடித்துப்போட்டது. குழாயில் பல மாதம் சொட்டுத் தண்ணீர் இல்லை. டேங்கர் லாரிதான்.

லாரி விடியற்காலை ஐந்துக்கும் வரும், இரவு பதினொன்றுக்கும் வரும். வாளியோடு நிற்காதவருக்குக் கிடையாது. என் மகன் வேலைக்குப் போய்விடுவான். மருமகள் தையல் தொழிற்சாலையில் இருந்தாள், எட்டு நாள் தாமதமாகப் போனதில் அந்த வேலை போயிற்று. அப்புறம் நானும் அவளும் மாறி மாறி நின்றோம். 20 லிட்டர் வாளியை இரண்டு பேராகப் பிடித்தால்தான் என்னால் தூக்க முடியும். அழுக்குத் துணியை மூட்டை கட்டிச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து வருவோம். மாதவிலக்கு நாட்களில் பேத்தி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுவாள். இதை இவ்வளவு வெளிப்படையாக நான் எங்கும் எழுதியதில்லை. எழுதத்தான் வேண்டும்.

அப்போது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு ஜூலு அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார். முழுக்க எங்கள் பகுதிப் பெண்கள். லாரியை யார் முதலில் பார்த்தாலும் ‘அமான்சி’ என்று போட்டுத் தெருப் பெயரைப் போட வேண்டும். அமான்சி என்றால் ஜூலுவில் தண்ணீர். வேறு பேச்சு, வணக்கம், பூப்படம் எதுவும் கூடாது என்று கட்டளை. பாலத்தைத் தாண்டியதா, டாங்கில் எவ்வளவு இருக்கும், டிரைவர் நிற்பாரா போய்விடுவாரா எல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். லோட் ஷெட்டிங் என்று கரண்டை நிறுத்தும் நேரத்தில் டவரும் போய்விடும். அப்போது பார்த்தவர் பாத்திர மூடியைத் தட்டுவார், அடுத்த வீட்டில் கேட்டு அவர்கள் தட்டுவார்கள். நடக்க முடியாத கிழவிகள் வீட்டு வாசலில் இரண்டு வாளி நிரப்பி வைக்க ஆள் வகுத்திருந்தோம்.

டெக்னாலஜி எங்கே என்று அந்த ஐயா கேட்டாராமே. என் போனில் இருக்கிறது, வந்து பார்க்கச் சொல்லம்மா.

5. கடலோரக்காரி, டர்பன்

உங்களை ஆயா என்று கூப்பிடலாமா? என் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவேன், அவரும் இப்படித்தான் விரல் வலி என்று சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதுவார்.

இதை மூன்று தடவை படித்தேன். கண்ணீர் வந்துவிட்டது. இப்போது வேறு எதுவும் எழுத வரவில்லை.

6. மீட்டர்காரன், டர்பன்

டீச்சரம்மா எழுதியதைப் படித்துவிட்டு வேலையில் மனம் ஒட்டவில்லை.

ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், நீங்கள் கட்டியது முழுமையான ஒரு அமைப்பு. தெருவுக்குத் தெரு உணரி இருக்கிறது, செய்திக்கு ஒரே வடிவம் இருக்கிறது, தேவையற்ற செய்திக்குத் தடை இருக்கிறது, மின்சாரம் போனால் மாற்று வழியாகப் பாத்திர மூடி இருக்கிறது. எங்கள் துறையில் இதற்கு டெண்டர் விட்டால் இரண்டு வருடம் ஆகும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். லாரிகளில் ஜிபிஎஸ் பொருத்தும் வேலையை நான் பார்த்திருக்கிறேன், எந்தக் கம்பெனிக்கு என்பது இங்கே வேண்டாம். வண்டி எங்கே நிற்கிறது என்று நொடிக்கு நொடி தெரியும். ஆனால் அந்தத் திரை மேலாளர் மேசையில் இருக்கும். டீசல் திருடு போகிறதா, டிரைவர் வழியில் தூங்குகிறாரா என்று பார்ப்பதற்குத்தான் அதை வாங்குகிறார்கள். அதே தகவலை வாளியோடு நிற்கிறவருக்கும் அனுப்பலாம், செலவு மிகக் குறைவு. அப்படி ஒரு வாடிக்கையாளரும் எங்களிடம் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. 16 வருடத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

மீட்டருக்கு ஆண் பெண் தெரியாது என்று எழுதினேன். அது இன்னும் உண்மைதான். ஆனால் திரையை யார் மேசையில் வைப்பது என்பதை மீட்டர் முடிவு செய்வதில்லையே.

7. ஜோபர்க் அப்பா, ஜோகன்னஸ்பர்க்

தண்ணீர் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. கேமராவைப் பற்றிப் பேசுகிறேன். இங்கே 2019 முதல் வூமாகேம் என்ற தனியார் நிறுவனம் தெருத்தெருவாகக் கேமரா போட்டிருக்கிறது. வண்டி எண்ணைத் தானாகவே படிக்கும். செக்யூரிட்டி கம்பெனிகள் காசு கட்டிப் பார்க்கின்றன.

என் மகளுக்கு 20 வயது. மாலை வகுப்பு முடிந்து வருவதற்குள் எனக்கும் என் மனைவிக்கும் உயிர் போய் உயிர் வருகிறது. இந்த நாட்டில் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்காணிப்பு, தனியுரிமை என்று படித்தவர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. நாளை ஏதாவது ஆனால் ஆதாரம் வேண்டாமா? பெண்ணியப் பார்வை என்றால் முதலில் கேமராவைத்தானே கேட்க வேண்டும்?

8. கடலோரக்காரி, டர்பன்

அண்ணா, உங்கள் பயத்தைத் தள்ளிவைத்துவிட்டு நான் ஒரு வரியும் எழுத முடியாது. என் அம்மாவும் நான் வரும்வரை ஜன்னலில்தான் நிற்பார். நான் கேமராவே கூடாது என்று சொல்கிறவள் இல்லை.

நான் பேசிய பெண்களும் கேமராவை வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அடுத்ததாக அவர்கள் சொல்வது: கேமரா இருக்கும் தெருவில் எனக்குப் பயமே இல்லை, டாக்ஸிகள் நிற்கும் ரேங்கிலிருந்து வீடு வரும் ஒற்றையடிப் பாதையில்தான் பயம், அங்கே விளக்கே இல்லை. கேமரா கார்கள் போகும் சாலையைப் பார்க்கிறது, பெண்கள் நடப்பது வேறு வழியில். வசதியான பகுதியில் காலை ஐந்தரைக்கு நடந்துபோகும் வீட்டு வேலைக்காரப் பெண் அந்தக் கேமராவுக்குப் பாதுகாக்க வேண்டியவளா, சந்தேகப்பட வேண்டியவளா? இதை யாரிடம் போய்க் கேட்பது என்பதுகூட அவருக்குத் தெரியாது. 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் உரிமையைத் தருகிறது. எந்தக் கம்பத்தில் யார் கேமரா என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்.

முகத்தைப் படிக்கும் மென்பொருளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2018இல் ஜாய் புவொலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. உங்கள் மகளும் நானும் எந்தப் பக்கம் வருவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் வரலாறு. 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியா யூனியன் கட்டிடத்துக்கு நடந்துபோன சுமார் 20,000 பெண்கள் எதை எதிர்த்து நடந்தார்கள்? நிறவெறி ஆட்சியின் பாஸ் புத்தகத்தை. ஒருவர் எங்கே இருக்கிறார், எங்கே இருக்கலாம் என்று அரசாங்கம் கையில் கொடுத்த கருவி அது. மகளிர் தினம் என்று நாம் விடுமுறை எடுக்கும் நாள், பெண்கள் கண்காணிப்பை எதிர்த்த நாள். எனக்கு இதைவிடப் பெரிய முன்னோடி வேண்டாம்.

9. பழைய கடுதாசி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நம் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் விரல்ரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வாசலில் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகளை எரித்தார்கள். அதில் தமிழர்கள் எத்தனையோ பேர்.

ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது நேட்டாலில் போட்ட 3 பவுண்டு வரி, ஆண்பிள்ளைக்கு 16 வயதிலிருந்து, பெண்பிள்ளைக்கு 13 வயதிலிருந்து. பெண்ணுக்கு மூன்று வருடம் முன்னாலேயே வரி! 1913இல் தமிழ்ப் பெண்கள் தடையை மீறி மாகாண எல்லை தாண்டிப் போய்ச் சிறைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சிறையில் நோய்வாங்கி வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த வள்ளியம்மைக்கு 16 வயது.

நகரத் திட்டமும் ஒரு கருவிதான், தங்கச்சி. டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், மேகசின் பேரக்ஸ் என்ற குடியிருப்பில் இருந்தார்கள். வேலைக்கு நடந்தே போகலாம். இனவாரியாக வசிப்பிடத்தைப் பிரித்த குழு வாழிடச் சட்டம் அவர்களை 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியது. அன்றைக்குத் தொடங்கிய பஸ் பயணம்தான் இன்னும் முடியவில்லை. உங்கள் ஆய்வு 2010களில் தொடங்கினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

10. இரவுப்பணி, பீனிக்ஸ்

நான் நர்ஸ். இப்போதுதான் ட்யூட்டி முடிந்து வந்தேன், வேகமாக எழுதுகிறேன்.

என் நாள்: மாலை நாலு மணிக்குச் சின்னவனை க்ரெஷ்ஷிலிருந்து கூட்டி அம்மா வீட்டில் விட வேண்டும். அங்கிருந்து அம்மாவின் மாத்திரைக்கு கிளினிக். அங்கிருந்து டாக்ஸியில், டர்பனின் பெரிய டாக்ஸி, பஸ் சந்திப்பான வார்விக், வார்விக்கில் இறங்கி வேறு டாக்ஸி. வழியில் வியாபாரிகளிடம் காய், மறுநாள் சமையலுக்கு. இதை எந்த ஆப்பிலும் போட முடியாது. ‘எங்கிருந்து, எங்கே’ என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. மினிபஸ் டாக்ஸி வரைபடத்திலேயே சரியாக வராது. எந்த விரலை எப்படிக் காட்டினால் எந்த வண்டி நிற்கும் என்பது நமக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. பாதுகாப்புக்கு என்று ஒரு அவசர ஆப் போட்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு ராத்திரி ரேங்கில் ஒருத்தன் பின்னாலேயே வந்தான், பட்டனை அழுத்தினேன். ‘உங்கள் இருப்பிடத்தை உறுதி செய்யவும்’ என்று கேட்டது. கை நடுங்குகிறது, டேட்டா தீர்ந்திருக்கிறது. அங்கே மக்காச்சோளம் சுட்டு விற்கும் அம்மா நிலைமையைப் பார்த்து என்னைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தார். வண்டி வரும்வரை அவர் கையை விடவில்லை. மறுநாள் ஆப்பை எடுத்துவிட்டேன்.

11. கடலோரக்காரி, டர்பன்

நீங்கள் சொன்ன பயணத்துக்கு ஆய்வுலகில் ஒரு பெயரே உண்டு, பராமரிப்புப் பயணம். ஸ்பெயின் நாட்டு இனெஸ் சான்செஸ் தெ மதரியாகா கொடுத்த பெயர். பிள்ளையைக் கொண்டுவிடுவது, மருந்து வாங்குவது, வயதானவரைப் பார்ப்பது எல்லாம் கணக்கெடுப்பில் ‘ஷாப்பிங்’, ‘சொந்த வேலை’, ‘பொழுதுபோக்கு’ என்று சிதறிப்போகின்றன. வேலைக்குப் போவது மட்டும் ஒரே பெரிய கட்டமாக நிற்கிறது. சிதறியதை ஒன்றாகக் கூட்டினால்தான் அது எவ்வளவு பெரிய பங்கு என்று தெரியும். கூட்டாமல் விட்டால் சாலையும் பஸ் நேரமும் வேலைக்குப் போகிறவருக்காக மட்டுமே அமையும்.

மக்காச்சோள அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் முக்கியம். வார்விக் வழியாக ஒரு நாளைக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போகிறார்கள். அங்கே விடியற்காலை முதல் இரவு வரை இருக்கும் கண்கள் வியாபாரிகளுடையவை, அதில் பெரும்பாலும் பெண்கள். 1910இலிருந்து அங்கே இருக்கும் காலை மார்க்கெட்டை எடுத்துவிட்டு மால் கட்டுவது என்று 2009இல் திட்டம் வந்தது நினைவிருக்கும். வியாபாரிகள் போராடி நிறுத்தினார்கள். நிறுத்தாமல் போயிருந்தால் அங்கே நல்ல கேமராக்கள் வந்திருக்கும், உங்கள் கையைப் பிடித்த அம்மா இருந்திருக்க மாட்டார்.

12. பெல் ரோஸ் தமிழன், மொரீஷியஸ்

எங்கள் தீவிலிருந்து இரண்டு வரி. இங்கே ‘ஸ்மார்ட் சிட்டி’ என்பது 2015இல் வந்த ஒரு முதலீட்டுத் திட்டத்தின் பெயர். கரும்பு விளைந்த நிலத்தில் வீடு, அலுவலகம், கடை கட்டுகிறார்கள். குறிப்பிட்ட விலைக்கு மேல் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வசிப்புரிமை கிடைக்கும். என் பாட்டி அந்த நிலத்தில் கரும்பு வெட்டியவர். அந்தச் சொல்லை நீங்கள் எந்த அர்த்தத்தில் எடுக்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், ஊருக்கு ஊர் மாறுகிறது.

கேமரா எங்களுக்கும் உண்டு, சேஃப் சிட்டி என்று 4,000 கேமராத் திட்டம். மேலே ஒருவர் விரல்ரேகை பற்றி எழுதினார். 2013இல் இங்கே விரல்ரேகை சேர்த்த அடையாள அட்டை வந்தது. ஒருவர் வழக்குப் போட்டு, எங்களுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார். கடைசியில் 2021இல் ஐநா மனித உரிமைக் குழு, அது தனியுரிமையை மீறுகிறது என்று முடிவு சொன்னது.

13. நேர்வழி, பிரிட்டோரியா

மரியாதையோடு ஒரு கேள்வி. இதில் ‘பெண்ணியம்’ என்ற சொல் எதற்கு? தண்ணீர் இல்லை, பஸ் இல்லை, விளக்கு இல்லை என்பது எல்லோருக்கும் உள்ள கஷ்டம். ஏழை ஆணும்தான் டாக்ஸிக்கு நிற்கிறான். மனிதர்களுக்கான நகரம் என்று சொன்னால் எல்லோரும் சேர்ந்து வருவார்களே. சொல்லால் பாதிப் பேரைத் தள்ளிவிடுகிறீர்களோ என்று கவலையாக இருக்கிறது.

14. தமிழ் டீச்சர், டோங்காட்

தம்பி, என் மகன் நல்லவன். தண்ணீர் இல்லை என்று அவனும் வருந்தினான். ஆனால் வேலையை விட்டது மருமகள். எல்லோருக்கும் உள்ள கஷ்டம் என்று சொன்னால் அந்த ஒரு விஷயத்தை எங்கே எழுதுவது?

15. கடலோரக்காரி, டர்பன்

நேர்வழி அண்ணா, உங்கள் கேள்வியை என் ஆய்வு நெறியாளரும் கேட்டிருக்கிறார். ஆயா சொன்னதற்கு மேல் ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

சோவெட்டோவில் பிரி என்ற பகுதியில் ப்ரீபெய்ட் தண்ணீர் மீட்டர் வைத்தார்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அதற்குப் பிறகு காசு போட்டால்தான் குழாய் திறக்கும். 8 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர், 30 நாள் என்பது கணக்கு. லிண்டிவே மசிபுகோ என்ற பெண்ணும் அக்கம்பக்கத்தார் நால்வரும் வழக்குப் போட்டார்கள். அவர் வீட்டு மனையில் இருந்தது 20 பேர். அப்படியானால் ஆளுக்குப் பத்து லிட்டர். 2008இல் உயர்நீதிமன்ற நீதிபதி, துவைப்பதும் சமைப்பதும் பெண்கள் தலையில் இருப்பதால் இந்த மீட்டர் பெண்களைப் பாகுபடுத்துகிறது என்று எழுதினார். 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நகராட்சி செய்தது சரி என்றது.

மீட்டர் எண்ணுவது வீட்டை. வீட்டுக்குள் யார் கடைசியாகக் குளிக்கிறார், யார் துவைத்த தண்ணீரைக் கழிவறைக்கு எடுத்துவைக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. பெண்ணியம் என்ற சொல் எனக்குத் தருவது வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்க்கும் உரிமையை. ஏழை ஆணையும் அந்தப் பார்வை விடுவதில்லை. வியன்னாவில் 1990களில் பூங்காக்களைக் கவனித்தபோது, பத்து வயதை ஒட்டிப் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவதே நின்றுபோவதைக் கண்டார்கள். ஒரே பெரிய மைதானத்தைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். இடத்தைப் பிரித்து, வேறு விளையாட்டுகளுக்கும் வழி செய்து, நடைபாதையைச் சீர்படுத்தினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், பையன்களையும் யாரும் வெளியே அனுப்பவில்லை.

16. நேர்வழி, பிரிட்டோரியா

சொல்லைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். வழக்கைப் பற்றிச் சொன்னது புரிந்தது. நன்றி.

17. மீட்டர்காரன், டர்பன்

நேற்று முழுக்க இதே நினைவு. ஒரு சம்பவம் எழுதுகிறேன்.

1993 ஜனவரி 1 முதல் மீட்டர் டோக்கன்கள் நிமிடத்தை எண்ணி வந்தன. ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் நிமிடம் ஆனவுடன் அந்தக் கணக்கு நிரம்பிவிடும். அந்த நாள் 2024 நவம்பர் 24. அதற்குள் ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு 20 இலக்க எண்ணை வரிசை மாறாமல் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் புது டோக்கன் ஏறாது. நாங்கள் எல்லோரும் இதைத் தொழில்நுட்ப வேலையாகவே பார்த்தோம்: எத்தனை மீட்டர், எத்தனை நாள்.

ஒரு வீட்டுக்குப் போனேன். வயதான அம்மா மட்டும். மீட்டர் அவர் தலைக்கு மேல் உயரத்தில். நாற்காலி போட்டு ஏறி, கண்ணாடி இல்லாமல், நாற்பது எண். மூன்று நாளாக முயற்சி செய்து பயந்துபோய் விட்டுவிட்டார். கணக்கு, இறந்துபோன அவர் கணவர் பெயரில். குறுஞ்செய்தி எல்லாம் அந்தப் பழைய போன் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் தட்டிக் கொடுத்துவிட்டு, ‘வேலை முடிந்தது’ என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த நாற்காலியைப் பற்றி எழுத எங்கள் படிவத்தில் இடமே கிடையாது.

அடுத்த வாரம் எங்கள் குழுக் கூட்டத்தில் இரண்டு விஷயம் சொல்லப் போகிறேன். ஒரு கணக்கில் இரண்டு போன் எண் சேர்க்கலாம், பகலில் வீட்டில் இருப்பவர் எண்ணும் அதில் இருக்கட்டும். மீட்டர் வைக்கும் உயரத்தை வீட்டில் இருப்பவரைக் கேட்டு முடிவு செய்யலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. கேட்பார்களா என்பது அடுத்த கதை.

18. ஜோபர்க் அப்பா, ஜோகன்னஸ்பர்க்

கேமரா வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் நேற்று மகளிடம் கேட்டேன், நீ எங்கே பயப்படுகிறாய் என்று. இதுவரை நான் கேட்டதே இல்லை. அவள் சொன்ன இடம் பல்கலைக்கழக வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் உள்ள மதில் ஓரம். அங்கே கேமரா இருக்கிறது, விளக்குதான் எரியவில்லை. இன்று காலை புகார் எண் வாங்கியிருக்கிறோம்.

19. கடலோரக்காரி, டர்பன்

எல்லோருக்கும் நன்றி. என் பேட்டிக் கேள்விகளை நேற்றிரவு மாற்றி எழுதினேன். முன்பு முதல் கேள்வி ‘நீங்கள் எந்த டிஜிட்டல் சேவைகளைப் பயன்படுத்துகிறீர்கள்’ என்று இருந்தது. இப்போது ‘நேற்று நீங்கள் எதற்கெல்லாம் காத்திருந்தீர்கள், எவ்வளவு நேரம், அது வருகிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்’ என்று இருக்கிறது. கருத்தரங்கில் கேட்ட கேள்விக்கும் இதிலிருந்து பதில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

மீட்டர் அண்ணா, கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று அவசியம் எழுதுங்கள். பழைய கடுதாசி ஐயா, மேகசின் பேரக்ஸை முதல் அத்தியாயத்தில் சேர்க்கிறேன். என் ஆயா பிறந்ததும் அங்கேதான்.

டோங்காட் ஆயா, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாமா? அந்த ‘அமான்சி’ குரூப்பைப் பார்க்க வேண்டும்.

20. தமிழ் டீச்சர், டோங்காட்

வா. சாப்பிட்டுவிட்டு வராதே, இங்கே சாப்பிடலாம். குரூப்பை நான் அழிக்கவில்லை, 2022 ஏப்ரலிலிருந்து எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் மற்றவர்கள் எழுதியதும் இருக்கிறது, என் ஒருத்தி சம்மதம் போதாது. தொடங்கின அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை அவரும் இன்னும் ஆறேழு பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நீ என்ன செய்யப் போகிறாய் என்று முதலில் அவர்களிடம் சொல், ஜூலுவில் நான் பெயர்த்துச் சொல்கிறேன். அவர்கள் சரி என்றால் போனைத் தருகிறேன்.